பின்னறைக்கு ஒரு பெட்டி

கூலிம்,
9 ஆகஸ்ட் 2022

மண்டோர் தர்மலிங்கத்துக்கு, பிச்சை சொல்லச் சொல்ல எழுதியது.

பாலிங்கில் ஜனங்கள் பசி பசி என்று ரோட்டுக்கு வந்தார்களே, கித்தா மரத்துப் பால் விலை தரையோடு போய், மரவள்ளிக் கிழங்குக்குக்கூட அடித்துக்கொண்டோமே, அந்த வருஷம். ஊர்வலத்துக்கு முந்தின மாதம் ஆயுத பூசை. அந்த வருஷத்துக்கு என்ன நம்பர் என்று எனக்குத் தெரியாது. நம்பரெல்லாம் படித்த உனக்கு. ஆனால் பூசைக்கு மறுநாள் காலையில் நீ போட்டிருந்த வெள்ளைச் சட்டையில் மேல் பொத்தான் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பொத்தான் இல்லாத இடம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

போனில் பேசலாம் என்றால் என் நம்பரை அடைத்து வைத்திருக்கிறாய். தபால்காரனை அடைக்க முடியாது. அதனால் கடிதம். பக்கத்து வீட்டு இவாஞ்சலின் எழுதுகிறாள், ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். "நான் சொல்றதை அழகு பண்ணாதே தாயி, அப்படியே எழுது" என்று சொல்லியிருக்கிறேன். உன்னை நீ என்றுதான் சொல்வேன். நீங்கள் என்று சொன்ன காலத்திலேயே எனக்குப் போதுமானது கிடைத்துவிட்டது.

போன வருஷம் நோய்க்காலத்தில், நம் மெராந்தித் தோட்டத்து ஆள்களையெல்லாம் நம் லயத்துப் பையன் குணாளன் பினாங்கிலிருந்து போனில் கூட்டினான். தோட்டம் செம்பனையாகி, லயத்து வீடுகள் இடிந்து, ஆளுக்கொரு ஊராகப் போனவர்கள் முகம் பார்த்துக்கொண்டோம். நீ தலைவர். உன் முறை வந்தபோது ஒரு கத்தியைத் தூக்கிக் காட்டினாய். மரம் சீவுகிற கத்தி. என் கத்தி.

"இது யாருது தெரியுதா? நம்ம பிச்சையோடது. இவன் சீவுன மரத்துக்கெல்லாம் பிளாஸ்டர் ஒட்டியே தோட்டம் திவாலாச்சு லா!"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கிற பொம்மைகளை வேறு அனுப்பினார்கள். நான் "பொய்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். லைன் நின்றுவிட்டது. திறந்த வாயோடு என் மூஞ்சி அப்படியே உறைந்து நின்றதாம். "லைன் சரியில்ல பிச்சை, வாயை மூடிட்டுப் போய்ப் படு" என்றாயாம். அதற்கும் சிரித்தார்களாம்.

கேள். பூசை அன்று சாயங்காலம் எல்லார் கத்தியும் மாரியம்மன் கோயிலில் சந்தனம் குங்குமத்தோடு இருந்தது. மறுநாள் கற்பூரம் காட்டுகிற வரைக்கும் தொடக்கூடாது. மழையால் வேலை பிந்திப்போச்சு என்று துரை உன்னை விரட்டினான். நீ விடியுமுன் கோயிலுக்குப் போய் என் கத்தியை எடுத்து, உன் மச்சான் நடராஜா கையில் கொடுத்தாய். கத்தியே பிடித்தறியாதவன். என் மர நிரையில் இறங்கி, பட்டையைத் தாண்டிக் கட்டை தெரிய வெட்டிவைத்தான். மரம் ரத்தம் மாதிரி வடிந்தது. கத்தி பிச்சையுடையது, மரம் பிச்சையுடையது, அதனால் காயமும் பிச்சையுடையது என்று ஆபீசில் சொன்னாய். அன்றைக்கே லயத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். என் செங்கமலத்துக்கு நிறைமாதம். மழையில் நடந்தோம். பஸ் நிற்கிற கொட்டகையில் பிறந்த எங்கள் மூத்தவனுக்குப் பெயர் வைக்க நேரமிருக்கவில்லை.

பிறகு எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் "மரத்தைக் காயம் பண்ணுனவன்தானே" என்றார்கள். பிறகு நான் கத்தியே எடுக்கவில்லை. லாரியில் மூட்டை தூக்கினேன்.

இந்த வருஷக் கூட்டம் அக்டோபர் முதல் தேதி, சனிக்கிழமை என்று குணாளன் சொன்னான். நான் பேசப்போகிறேன். நீ என் கத்தியைத் திருப்பிக் கொடுத்து, "அது பிச்சை வெட்டினதில்லை" என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் சொல்ல வைப்பேன். லைன் சரியில்லை என்கிற பேச்சு இந்தத் தடவை செல்லாது. அதற்கு ஏற்பாடு நடக்கிறது.

பிச்சை


செர்டாங்,
18 ஆகஸ்ட் 2022

தம்பி பிச்சைக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. எழுதிய அம்மையாரின் கையெழுத்து அழகாக இருந்தது. எழுதச் சொன்னவனின் குணம்தான் மாறவில்லை.

வயதான காலத்தில் மனிதனுக்கு மறதி வரும். உனக்கோ இல்லாததெல்லாம் ஞாபகம் வருகிறது. நடந்தது இதுதான்: மரங்கள் காயப்பட்டன. அவை உன் நிரையில் இருந்தன. கத்தி உன்னுடையது. வேலையை மேற்பார்க்கிற மண்டோர் என்கிற முறையில் நான் மேலிடத்துக்கு அறிவித்தேன். அது என் கடமை. கத்தியை ஆபீஸ் என்னிடம் ஒப்படைத்தது. ஓய்வு பெற்றபோது ஒரு நினைவுப்பொருளாக எடுத்து வந்தேன். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். என் பேரப்பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள்.

கூட்டத்தில் உன்னைக் கிண்டல் செய்தது அன்பினால்தான். எல்லாரும் சந்தோஷமாகத்தானே சிரித்தார்கள்? நீ மட்டும் சிரிக்காததற்கு நான் என்ன செய்ய முடியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வருஷக் கூட்டத்தில் எனக்கு "தோட்டத்தின் காவலர்" என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். தோட்டம் செம்பனையானபோது கோயிலை இடிக்க விடாமல் காப்பாற்றியதற்காக. என் பிள்ளைகள், பேரன் பேத்திகள் எல்லாரும் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் நீ கூச்சல் போட்டால் அசிங்கம் உனக்குத்தான்.

லைனுக்கு ஏற்பாடு என்கிறாய். உன் மகள் ரூபினி வீடு ஒற்றை மாடி டெரஸ்தானே? அதற்கு என்ன ஏற்பாடு? ஜன்னலைத் திறந்து வைத்துச் சத்தமாகப் பேசு, செர்டாங் வரைக்கும் கேட்கும். அந்தக் காலத்திலேயே உன் வாய் அப்படித்தான்.

தர்மலிங்கம்
தலைவர், மெராந்தித் தோட்ட முன்னாள் குடியிருப்பாளர் கூட்டமைப்பு


கூலிம்,
30 ஆகஸ்ட் 2022

மண்டோருக்கு,

கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறாயா. நல்லது. துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்.

ஏற்பாட்டைக் கேட்டாய், சொல்கிறேன். எங்கள் வீட்டில் வைஃபை பெட்டி ஒன்றே ஒன்று, முன்னால் டிவிக்குப் பக்கத்தில். அது பேசுகிறது நடு அறை வரைக்கும்தான் கேட்கும். அதற்குப் பின்னால் சமையல்கட்டு, பிறகு நாங்கள் சிங்க் தகரம் போட்டு இழுத்துக் கட்டின பின்னறை. அங்கே போனால் லைன் செத்துப்போகும். போன வருஷம் நான் அங்கே உட்கார்ந்துதான் வாயைப் பிளந்தேன்.

ரூபினி புதுசு வாங்கினாள். மெஷ் என்று பெயர். மூன்று பெட்டி, வெள்ளையாக, மரத்தில் பால் வடிகிற மங்குக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தது மாதிரி இருக்கிறது. அவளுக்குச் சிப் தொழிற்சாலையில் வேலை, இதெல்லாம் தெரியும். "அப்பா, மூணும் ஒரே வலை. ஒண்ணு கொடுக்கிறதை இன்னொண்ணு வாங்கி அடுத்ததுக்குக் கொடுக்கும்" என்றாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. தோட்டத்தில் பால் எடுக்கிற நேரம் வந்தால் நீ ரோட்டில் நின்று "பாலெடு!" என்று கத்துவாய். உன் சத்தம் முதல் மேட்டோடு சரி. அங்கே நிற்கிறவன் வாங்கிக் கத்துவான். அடுத்த மேட்டுக்காரன் வாங்கிக் கத்துவான். கடைசி நிரையில் இருக்கிற கிழவிக்கும் கேட்டுவிடும். அதுதான் இது. இதைக் கண்டுபிடித்தவன் எந்தத் தோட்டத்தில் பிறந்தானோ.

முதல் நாள் ரூபினி நடுப்பெட்டியைக் குளிர்ப்பெட்டி மேல் வைத்தாள். பின்னறைப் பெட்டியில் சிவப்பு விளக்குதான் எரிந்தது. "எவனாவது ரெண்டு மேட்டுக்கு நடுவுல பாறைக்குப் பின்னால நின்னு கத்துவானா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே எடுத்துச் சமையல்கட்டு வாசல் பலகையில் வைத்தாள். உடனே வெள்ளை விளக்கு. எனக்கு எழுத்துத் தெரியாது, சிவப்பும் வெள்ளையும் தெரியும்.

இப்போது பின்னறையில் உட்கார்ந்து பேசினால், பேசுகிறவர் மூச்சு வாங்குகிறதுகூடக் குணாளனுக்குக் கேட்கிறது. சோதனை பண்ணிப் பார்த்துவிட்டோம்.

சட்டை போட்டால் மேல் பொத்தானையும் போட்டுக்கொள். இந்தத் தடவை படம் தெளிவாகத் தெரியும்.

பிச்சை


செர்டாங்,
13 செப்டம்பர் 2022

தம்பி பிச்சைக்கு,

உன் வீட்டில் ஆள் இரண்டு, பெட்டி மூன்று. பின்னறையில் யாருக்கு அய்யா லைன்? பேய்க்கா? படித்துவிட்டு என் மருமகளும் நானும் நன்றாகச் சிரித்தோம்.

விஷயத்துக்கு வருகிறேன். கோயிலில் கத்தியை நான் எடுத்தேன் என்று சொல்கிறாய். நீ பார்த்தாயா? இல்லை. பூசாரி உன்னிடம் சொன்னதாகச் சொல்வாய். அதே பூசாரி ஆபீசில் துரை முன்னால் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொன்னதும் உனக்கு ஞாபகம் இருக்கும், உன் ஞாபகசக்திதான் பிரமாதமாயிற்றே. அவரும் போய்ச் சேர்ந்தார். நடராஜா போய்ச் சேர்ந்தான். உன் மனைவியும் இல்லை. மேலே போய் யாரையாவது கூட்டிவரப் போகிறாயா?

என் அக்காள் ஒருத்தி இருக்கிறாள், கோயில் வாசல் பெருக்கியவள். உடன்பிறந்தவள் எனக்கு விரோதமாக வாய் திறப்பாளா? இத்தனை வருஷம் திறக்கவில்லையே. இப்போது அவளுக்கு வயது தொண்ணூறு, ஞாபகமும் தப்பிவிட்டதாகக் கேள்வி. குபாங் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறாள் என்று நினைக்கிறேன். வேண்டுமானால் போய்க் கேட்டுக்கொள்.

மற்றொரு செய்தி. கூட்டத்தின் தேதியை மாற்றியிருக்கிறேன். அக்டோபர் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, சாயங்காலம். ஆயுத பூசை நாள். பட்டம் வாங்க அதைவிட நல்ல நாள் ஏது? குணாளன் முதலில் தயங்கினான். தலைவர் சொன்னால் கேட்க வேண்டும் இல்லையா.

உன் வீட்டில் பூசை பலமாக இருக்கும் என்று நம்புகிறேன். சாமி முன்னால் வைத்ததை மறுநாள் கற்பூரம் காட்டாமல் தொடுகிற ஆள் நீ இல்லையே. இதை வைத்துத்தானே என்னோடு சண்டை?

தர்மலிங்கம்


கூலிம்,
22 செப்டம்பர் 2022

மண்டோருக்கு,

புரிகிறது. உன் தந்திரம் கிழடாகவில்லை, கை கால்தான் கிழடாகியிருக்கும்.

ரூபினி கோபப்பட்டாள். "அப்பா, பெட்டியை மட்டும் இந்த வருஷம் பூசையில வைக்க வேணாம். சாமி கோவிச்சுக்காது" என்றாள். மூன்று பெட்டியும், என் போனும், மோட்டார் சாவியும் எல்லாம் வைக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சோறு போடுகிற கருவி அவளுக்கு அது. எனக்கு இப்போது இருக்கிற ஒரே கருவியும் அதுதான்.

இவாஞ்சலினும் கூப்பிட்டாள். "அண்ணே, எங்களுக்கு இந்தப் பூசை இல்லையே, எங்க வீட்டுல வந்து உக்காந்து பேசுங்க." போகலாம். நான் ஒரு கிழவன் தனியாகப் போய்க் கத்தினால் பழையபடி சிரிப்பீர்கள். பின்னறையில் இருப்பதை அவள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது.

நீ பட்டம் வாங்கிக்கொள். பொன்னாடையைக் கழற்றாமல் வைத்திரு.

பிச்சை


செர்டாங்,
6 அக்டோபர் 2022

தம்பி பிச்சைக்கு,

விழா மிகச் சிறப்பாக நடந்தது. நீ இல்லாத குறை எல்லாருக்கும் இருந்தது. "பிச்சை வந்திருக்கிறானா? பிச்சை, மைக்கைத் திற" என்று நானே கூப்பிட்டுப் பார்த்தேன். "மூணு பெட்டியும் தூங்குது போல" என்றேன். ஒரே சிரிப்பு.

என் மகன் பொன்னாடை போர்த்தினான். தோட்டத்தின் காவலர் என்று குணாளன் வாசித்தான். கண்ணாடிப் பெட்டியிலிருந்து உன் கத்தியை எடுத்துக் காட்டிப் பழைய கதையை இன்னும் விரிவாகச் சொன்னேன். ஆரம்பத்தில் மட்டும் ஒரு சின்னத் தடங்கல். என் முகம் மங்கலாகத் தெரிகிறது, கேமரா மேல் ஏதோ கறை என்று எல்லாரும் கத்தினார்கள். துண்டால் ஒரு துடை துடைத்தேன், பளிச்சென்று ஆகிவிட்டது. உன் மெஷ்ஷெல்லாம் தேவைப்படவில்லை.

இத்தோடு இந்தப் பேச்சை முடித்துக்கொள்வோம். நமக்கு வயதாகிவிட்டது. நான் மன்னித்துவிட்டேன். நீயும் மறந்துவிடு.

தர்மலிங்கம்


கூலிம்,
11 அக்டோபர் 2022

தர்மலிங்கம்,

மண்டோர் என்று இனிமேல் எழுதச் சொல்ல மாட்டேன்.

நீ மன்னித்துவிட்டாய் என்று எழுதின இடத்தை இவாஞ்சலின் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டினாள். அவள் வேதத்தில் மன்னிப்புப் பற்றி நிறைய இருக்கிறது. அவளுக்கே பொறுக்கவில்லை.

அன்று சாயங்காலம் நாங்கள் பூசை போட்டோம். மூன்று பெட்டிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். விளக்கெல்லாம் அணைந்து கிடந்தன. நான் அதன் முன்னால் பாய் போட்டு உட்கார்ந்தேன். கை அரிக்கத்தான் செய்தது. எடுக்கவில்லை. இவாஞ்சலின் அவள் வீட்டிலிருந்து உன் விழாவைப் பார்த்தாள். குணாளனிடம் கேட்டு உள்ளே வந்தாளாம். நீ துடைத்ததை அவள் சொன்னாள். குணாளனும் மறுநாள் காலை கற்பூரம் காட்டினதும் முதல் ஆளாக எனக்குப் போன் போட்டுச் சொன்னான். "மாமா, எங்கம்மாவும் அங்கதான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. தலைவர் துண்டுல மஞ்சளும் சிவப்புமா இருந்துச்சு. சந்தனம் குங்குமம். அம்மா எழுந்து போயிட்டாங்க" என்றான்.

உன் மருமகள் லேப்டாப்பைச் சாமி முன்னால் வைத்து, நெற்றியில் இடுகிற மாதிரி அதன் உச்சியில் பொட்டு வைத்திருக்கிறாள், சரியாகக் கேமரா மேலே. நீ பட்டத்துக்காகக் கற்பூரத்துக்கு முன்னால் எடுத்திருக்கிறாய். எடுத்தது மட்டுமா? தோட்டத்து ஜனம் அத்தனை பேரும் பார்க்கப் பார்க்கத் துடைத்தாய். நீ எனக்குச் செய்ததை இத்தனை வருஷம் வாயால் சொல்லி ஒருத்தனையும் நம்ப வைக்க என்னால் முடியவில்லை. நீ ஒரு துண்டை வைத்துக் காட்டிவிட்டாய்.

குணாளன் என்னிடம், "மாமா, அந்தக் கத்திக் கதை உண்மைதானா?" என்று கேட்டான். உண்மைதான் என்றேன். "பார்த்தவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்றான். இருக்கிறார்கள் என்றேன்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை மறுபடியும் கூட்டம். நீ தலைவர், உனக்கு அழைப்பு வந்திருக்கும். வராமல் இருந்துவிடாதே. வராவிட்டாலும் உன் மகன் பார்ப்பான், பேரன் பேத்திகள் பார்ப்பார்கள். கத்தியையும் கொண்டுவந்து வை. கடைசியில் அதை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று உனக்கே தெரிந்துபோகும்.

பின்னறை யாருக்கு என்று கேட்டாயே.

ஜூலையில் குபாங்கில் மலையிலிருந்து மரமும் சேறுமாகத் தண்ணீர் இறங்கியதே, அதில் ஒரு கிழவி வீடு போயிற்று. மகன் வேலைக்கு ஜொகூர் போயிருந்தான். அவனுடைய போன் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்து மண்டபத்தில் சேறு காய்ந்த சேலையோடு பாயில் கிடந்ததை யாரோ படம் பிடித்து நம் குரூப்பில் போட்டார்கள். நீ கைகூப்புகிற பொம்மை ஒன்று போட்டாய். அந்தக் கிழவி மண்டபத்தில் ஒரு பெண்ணின் போனை வாங்கி உன்னைக் கூப்பிட்டது. "லைன் சரியில்லக்கா, அப்புறம் கூப்பிடுறேன்" என்றாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

நானும் ரூபினியும் போய்க் கூட்டிவந்தோம். நாங்கள் லயத்தை விட்டுப் போன அன்று, யாரும் கதவைத் திறக்காதபோது, செங்கமலத்துக்குச் சுடுகஞ்சி கொண்டுவந்து ஊற்றின கை அது. அதற்காகத்தான் போனேன். சத்தியமாகக் கத்தியை நினைத்துப் போகவில்லை. நடக்க முடியாது, அதனால் குளியலறைக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று பின்னறையைக் கொடுத்தேன். ஒரு மாதம் என் முகத்தையே பார்க்கவில்லை. ஒருநாள் கஞ்சி குடிக்கும்போது தானாகச் சொன்னது: "பிச்சை, அன்னைக்கு நான் வெளக்கமாத்தோட வாசல்லதான் நின்னேன். எந்தம்பி உன் கத்தியை மடியில சொருவிட்டு வந்தான். 'அக்கா, நீ எதையும் பார்க்கல'ன்னான். நானும் சரின்னேன். கூடப்பொறந்தவன்னு சரின்னேன்." சொல்லிவிட்டு அழவில்லை. "எல்லாரையும் கூப்பிடு, சொல்லிட்டுச் சாவுறேன்" என்றது. அதற்குப் பிறகுதான் உனக்கு முதல் கடிதம் எழுதச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் பெட்டி வாங்கச் சொன்னேன்.

ஞாபகம் தப்பிவிட்டது என்று எழுதினாயே. உன் சட்டையில் பொத்தான் இல்லாததை நான் ஒருத்தன்தான் பார்த்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நான் கேட்காமலே அதுவும் சொன்னது. அந்தப் பொத்தானைத் தைத்துக் கொடுக்க நூலும் ஊசியும் எடுத்து வைத்திருந்ததாம்.

இனி உன்னால் லைன் சரியில்லை என்று சொல்ல முடியாது. மூன்று பெட்டியிலும் வெள்ளை விளக்கு எரிகிறது.

அன்று விடியற்காலையில் கோயில் வாசலில் நடந்ததை அறிந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். பூசாரி போய்விட்டார். நடராஜா போய்விட்டான். நீ இருக்கிறாய், உன்னைச் சேர்க்கவில்லை. நீ பார்த்தவன் இல்லை, எடுத்தவன். மிச்சம் உயிரோடு இருப்பது ஒரே ஆள். என் பின்னறையில், சனிக்கிழமைக்கு எந்தச் சேலை கட்டுவது என்று ரூபினியிடம் கேட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறது, உன் அக்காள் மருதம்மாள்.